ஷிப்ட் ஏலமும் செவிலியர் ஊதியமும்: அடிமட்டம் இல்லாத விலை யாரை முதலில் தாக்கும்?

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு மணிலா மூட்டையைக் கொண்டுவரும் விவசாயிக்கு ஏலம் என்ற சொல் புதிதன்று. வியாபாரிகள் விலை குறிக்கிறார்கள். கூடுதலாகக் குறித்தவருக்குச் சரக்கு போகிறது. எடைக்கும் பணப் பட்டுவாடாவுக்கும் விதிகள் உண்டு. மணிலாவுக்கு ஒன்றிய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையும் உண்டு. அது விவசாயியின் கைக்கு வந்து சேருகிறதா என்பது வேறு வழக்கு. இதே ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரவுப் பணியை ஏலத்தில் விட்டால் நடப்பது வேறு. அங்கே விலை குறிப்பவர் வாங்குபவரல்லர், உழைப்பை விற்கும் செவிலியர். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே அந்த இரவு. ஆகவே விலை ஏறுவதில்லை, இறங்குகிறது. இணையவழி ஷிப்ட் ஏலம் என்று சொல்லப்படுவது இதுதான்.

அமெரிக்காவில் இது வளர்ந்த தொழிலாகிவிட்டது. தமிழ்நாட்டில், அதுவும் கடலூர் மாவட்டத்தின் ஒரு பீங்கான் நகரத்திலிருந்து இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். ஏலச் செயலி இங்கே வேரூன்றுவதற்கு வேண்டிய நிலம் ஏற்கெனவே பண்படுத்தப்பட்டுவிட்டது என்பதே என் விடை. பண்படுத்தியதில் தனியார் மருத்துவமனைகளுக்கு மட்டுமல்ல, அரசுக்கும் பங்குண்டு. அந்த நிலத்தில் முதலில் இறங்க வேண்டியிருப்பவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகச் செவிலியர் பட்டயமோ பட்டமோ பெற்ற தலித் பெண்கள்.

ஒரே கருவி, இரண்டு பயன்கள்

2000களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனை, நிரப்பப்படாத ஷிப்டுகளை இணையத்தில் ஏலம் விட்டது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் உச்சத் தொகை குறிக்கப்படும்; செவிலியர்கள் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ கேட்பார்கள். வெளி முகமைகளிடம் அதிகப் பணம் கொடுத்து ஆள் எடுப்பதைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. வேறு சில மருத்துவமனைகளும் இதைப் பின்பற்றின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளமும் காப்பீடும் உள்ள ஒரு செவிலியர் கூடுதல் ஷிப்ட் ஒன்றை ஏலத்தில் எடுத்தால், அது அவருடைய நிலையான வருமானத்தின் மேல் வரும் உபரி. பிடிக்காவிட்டால் கேட்காமல் இருக்கலாம், அடுப்பு அணையாது. பணிநேரத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை செவிலியர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளை வைத்திருப்போருக்கு, நல்லதே. அந்த உரிமைக்கு எதிராக நான் எழுதவில்லை.

இருபது ஆண்டுகளில் அந்த ஏலம் மருத்துவமனையை விட்டு வெளியேறி அலைபேசிச் செயலிக்குள் போய்விட்டது. ஷிப்ட்கீ, கிளிப்போர்டு ஹெல்த், கேர்ரெவ், ஷிப்ட்மெட் போன்ற நிறுவனங்கள் வந்தன. ரூஸ்வெல்ட் நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, இச்செயலிகளில் வேலை செய்யும் 29 செவிலியர்களையும் செவிலிய உதவியாளர்களையும் நேர்கண்டு எழுதப்பட்டது. வேலை பெறுவதற்கே கட்டணம் செலுத்துவது, ஷிப்டுக்காக ஒருவரையொருவர் விலையில் வெட்டிக்கொள்வது, மதிப்பெண் குறைந்தால் நல்ல ஷிப்டுகள் கண்ணில் படாமல் போவது, முன்பின் அறியாத வார்டில் எந்த அறிமுகமும் இன்றி நிற்பது என்று அதில் பதிவானவை பல. இங்கே அடியில் மாதச் சம்பளம் இல்லை. ஏலத்தொகையே சம்பளம். பெயர் மாறாமல் பொருள் முழுவதும் மாறிவிட்டது.

செவிலியர் பணியின் இயல்பை அறிந்தவர்கள் இதன் விபரீதத்தை உடனே உணர்வார்கள். ஷிப்ட் என்பது கடிகாரத்தில் எட்டு மணி நேரம் மட்டுமன்று. முந்தைய ஷிப்ட் செவிலியரிடம் பொறுப்பேற்க முன்கூட்டியே வர வேண்டும். ஒவ்வொரு படுக்கையின் நிலையையும் கேட்டறிய வேண்டும். முடிந்தபின் பதிவேட்டை எழுதி ஒப்படைக்க வேண்டும். ஏலக் கணக்கில் இந்த நேரத்துக்கு விலை இல்லை. அவசர மருந்துகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதே தெரியாத ஒருவர், அன்றைய இரவுக்குக் குறைவாகக் கேட்டார் என்பதற்காக முப்பது நோயாளிகளுக்குப் பொறுப்பாகிறார். தவறு நேர்ந்தால் செயலி பொறுப்பேற்காது.

26 ஷிப்டுகள்: ஒரு சிறு கணக்கு

நியாயமான ஊதியம் எவ்வளவு என்பதற்கு நம் நாட்டில் ஓர் அளவுகோல் இருக்கிறது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று, தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியத்தையும் பணி நிலைமையையும் ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. அந்தக் குழுவின் பரிந்துரை எளிமையானது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில் அதே நிலை அரசுச் செவிலியருக்குச் சமமான ஊதியம். 100 படுக்கைகளுக்கு மேல் என்றால் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைகளுக்கும் குறைவான நர்சிங் ஹோமில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. விடுப்பு, பணிநேரம், தங்குமிடம், போக்குவரத்து ஆகியவை அரசுப் பணிக்கு இணையாக இருக்க வேண்டும்.

விருத்தாசலம் போன்ற வட்டத் தலைநகரங்களில் பெரும்பாலும் பொருந்தக்கூடியது கடைசி வரி. பணிக்கொடைச் சட்டம் மாதத்திற்கு 26 நாள் என்று கணக்கிடுவது போல 20,000 ரூபாயை 26ஆல் வகுத்தால் ஒரு ஷிப்டுக்கு ஏறத்தாழ 769 ரூபாய். இந்த எண்ணை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செயலியில் 800 ரூபாய் என்று தொடங்கும் ஒரு கற்பனை ஏலம் 700, 650, 600 என்று இறங்கும்போது, இறங்குவது விலை மட்டுமன்று. பத்தாண்டுகளுக்கு முன் மிகச் சிறிய மருத்துவமனைக்கென்று வகுக்கப்பட்ட அடிமட்டமும் அதனுடன் உடைகிறது.

அந்த அடிமட்டத்தை முதலில் உடைத்தது செயலி அன்று. தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் போட்டித் தேர்வு நடத்தி, இடஒதுக்கீட்டைப் பின்பற்றி, ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்குக் கொடுத்தது காலமுறை ஊதியம் அன்று, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். மேற்கண்ட கணக்கின்படி ஒரு ஷிப்டுக்கு 296 ரூபாய். அதே வார்டில் அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியர் பெற்றதற்கும் இதற்கும் இருந்த இடைவெளியே 2017 நவம்பர் இறுதியில் அவர்களைச் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. கழிப்பறை வசதிகூடச் சரிவர இல்லாத நிலையில் பெண்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டபின் போராட்டம் முடிந்தது; பணி நிரந்தரம் சிறுகச் சிறுகவே வந்தது. தொகுப்பூதியம் பின்னர் 14,000 ஆயிற்று. கொரோனாக் காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிக்கப்பட்டது. எழுந்த எதிர்ப்புக்குப்பின் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக 18,000 ரூபாய் ஊதியத்தில் தற்காலிக வேலை தருவதாக அரசு சொன்னது. அதாவது, மிகச் சிறிய தனியார் நர்சிங் ஹோமுக்கு 2016இல் சொல்லப்பட்ட 20,000 ரூபாயைவிடக் குறைவாகவே அரசு 2023இல் தர முன்வந்தது. இதே காலத்தில் ஒன்றிய அரசின் செவிலியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். அரசே இப்படி விலை குறிக்கும்போது தனியார் நிறுவனம் எங்கிருந்து தொடங்கும்?

இது ஏன் சாதிக் கேள்வி

மலம், சிறுநீர், குருதி, சீழ் ஆகியவற்றைத் தொடும் வேலை என்பதால் செவிலியர் பணியைச் சாதி இந்துக் குடும்பங்கள் நெடுங்காலம் இழிவாகக் கருதின. மிஷன் மருத்துவமனைகள் பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கியபோது, வேலூரில் 1909இல் தொடங்கப்பட்டதையும் சேர்த்து, அங்கே சேர முன்வந்தவர்களில் கிறித்தவப் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் மிகுதி. பிறகு அயல்நாட்டு வேலையும் அரசுச் சம்பளமும் வந்தபோது தீட்டு மெல்ல மறைந்தது. தீட்டு மறைவதற்குச் சம்பளம் எவ்வளவு உதவியது என்பது தனியே ஆராயத்தக்கது.

2012ஆம் ஆண்டின் அரசாணை 92, தனியார் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்திற்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது. அதனால் கல்லூரிக்குள் போக முடிந்த பெண்கள் பலர். கல்லூரிக்கு வெளியே அவர்களுக்காகக் காத்திருப்பது எது என்பதே இப்போதைய கேள்வி. அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு, அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 விழுக்காட்டையும் உள்ளடக்கி, 18 விழுக்காடு உண்டு. வேலை நிரந்தரப் பணியிடத்திலிருந்து ஒப்பந்தத்திற்கும், ஒப்பந்தத்திலிருந்து முகமைக்கும், முகமையிலிருந்து செயலிக்கும் நகரும்போது ஒவ்வொரு படியிலும் அந்தச் சுழற்சிப் பட்டியலின் பிடி தளர்கிறது. ஏலத்தில் இனச்சுழற்சி கிடையாது.

ஏலத்தில் யார் குறைவாகக் கேட்பார்? திறமை குறைந்தவரா? இல்லை. காத்திருக்க முடியாதவர். சொந்த வீடோ, நிலமோ, அரசு வேலையிலிருக்கும் அண்ணனோ உள்ள செவிலியர் 800 ரூபாய் வரும்வரை இரண்டு நாள் பொறுப்பார். கல்விக் கடனும், கூலி வேலைக்குப் போகும் தாயின் மருந்துச் செலவும் உள்ளவர் அன்று இரவே 600க்குச் சம்மதிப்பார். இதில் செயலிக்குச் சாதி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சொத்தில்லாமையைத் தொட்டால் போதும், சாதி தானே வந்து சேரும்.

வீட்டுச் செவிலியப் பணியில் சாதி தெரியவும் வரும். பெயர், படம், ஊர் ஆகியவை திரையில் காட்டப்படும்போது, நோயாளியின் குடும்பம் யாரை நிராகரிக்கிறது என்பதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டால் போதும். கண்ணகி–முருகேசன் கொலையை விருத்தாசலத்தின் பெயரோடு சேர்த்து அறிந்திருக்கும் வாசகருக்கு, இப்பகுதியில் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் எதைச் சொல்லிவிடும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர் ஒரு தொழிலைச் செய்வதையோ வேலையில் சேர்வதையோ தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் சொல்லப்படாத நிராகரிப்பை எந்த முதல் தகவல் அறிக்கையில் எழுதுவது?

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு செவிலியரின் சிக்கலையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவருடைய மூலச் சான்றிதழ்களை ஒரு நர்சிங் ஹோம் வாங்கி வைத்துக்கொண்டது; விலகினால் பணம் கட்ட வேண்டும் என்றது. நடுங்கிக்கொண்டே வந்தவருக்கு, சான்றிதழ் அடகுப்பொருள் அன்று என்ற ஒரு வரியைச் சொல்வதற்கே அரைமணி நேரம் பிடித்தது. இத்தகைய பிணைமுறிகளை இந்திய நர்சிங் கவுன்சிலே ஏற்பதில்லை. சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளியிடமிருந்து தப்ப நினைப்பவருக்குச் செயலி விடுதலைபோலத் தோன்றும் என்பதையும் மறுக்க முடியாது. பழைய கட்டு அறுந்த மகிழ்ச்சியில் புதிய கட்டு கண்ணில் படாது.

சம்மதித்துத்தானே கேட்டார்?

ஏலத்தை ஆதரிப்போர் இறுதியில் வந்து நிற்கும் இடம் இது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவரே 600 என்று பதிந்தார் என்பார்கள். இந்தியச் சட்டம் இதற்கு 1982 செப்டம்பரிலேயே விடை சொல்லிவிட்டது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், மக்கள் சனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் எதிர் இந்திய ஒன்றியம் தீர்ப்பில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாக வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி எழுதினார். கட்டாயம் என்பது சவுக்கால் மட்டும் வருவதன்று; பசியும் வறுமையும் வேறு வழியின்றிச் செய்வதும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. பஞ்சாப் மாநிலம் எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதே தடத்தில் சென்றது. ஒரே வேலைக்குக் குறைந்த ஊதியத்தை ஏற்பவர் விரும்பி ஏற்பதில்லை, குடும்பத்துக்குச் சோறு போடத் தன் மதிப்பை விட்டுக்கொடுத்து ஏற்கிறார் என்று கூறி, தற்காலிகப் பணியாளர்களுக்கும் நிரந்தரப் பணியின் ஊதிய விகிதத்தில் தொடக்க ஊதியம் உண்டு என்றது.

அம்பேத்கர் இதை அவர்களுக்கு முன்பே கண்டவர். 1947இல் அவர் அளித்த ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ குறிப்பில், வேலையில்லாதவருக்கு ஏதோ ஒரு கூலியும் நேர வரையறையற்ற வேலையும் தரப்பட்டு, அதற்கு ஈடாக உரிமைகளை விடச் சொன்னால் அவர் எதைத் தேர்வார் என்ற கேள்வியை எழுப்புகிறார். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது 1946 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதிய மசோதாவை அவையில் முன்வைத்தவரும் அவரே. அது 1948இல் சட்டமாயிற்று. தொழிலாளி தானே குறைத்துக்கொண்டாலும் செல்லாத ஓர் ஊதிய வரம்பு என்ற எண்ணம் அச்சட்டத்தின் அடித்தளம்.

அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத்தொகுப்பு 2019 வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. தொழிலாளர் தரப்பு எதிர்க்க வேண்டியவை நான்கு தொகுப்புகளிலும் நிறையவே உண்டு. ஆனாலும் ஏல வழக்கில் கையிலெடுக்கத்தக்க பிரிவுகள் இதில் இருக்கின்றன. 5ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே எவரும் கொடுக்கக் கூடாது என்கிறது. 60ஆம் பிரிவு, உரிய தொகையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 12ஆம் பிரிவு எண்ணிக்கைக் கூலி பற்றியது. பீங்கான் பட்டறையில் அகல் விளக்குகளை எண்ணிக் கூலி பெறுபவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு அறிவிக்கப்படாவிட்டாலும், நேரத்துக்கு அறிவிக்கப்பட்ட வரம்பு அவரைக் காக்கும். கூலியை நேரத்திலிருந்து பெயர்த்துப் பொருளில் ஒட்டவைத்த பழைய உத்தியைச் சட்டம் இப்படித்தான் எதிர்கொண்டது. நேரத்திலிருந்து பெயர்த்து ஏலத்தில் ஒட்டவைக்கும் புதிய உத்திக்கும் இதுவே பொருந்த வேண்டும்.

ஓட்டை இருக்குமிடம்

பொருந்த விடாமல் செய்யும் ஒரு வழி திறந்திருக்கிறது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020 ‘கிக் தொழிலாளர்’, ‘தளத் தொழிலாளர்’ என்று தனி வகைகளை உருவாக்குகிறது. எந்தெந்தத் துறைச் செயலிகள் இதில் அடங்கும் என்ற ஏழாம் அட்டவணையில் வாடகைக் கார், உணவு விநியோகம் ஆகியவற்றோடு மருத்துவச் சேவையும் இருக்கிறது. நிறுவனம் தன் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை, தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், நல நிதிக்குச் செலுத்த வேண்டும். நல்லதுதான். ஆனால் இத்தொகுப்பு நலனைத் தருகிறது, ஊதிய வரம்பைத் தரவில்லை. செயலிச் செவிலியரை ‘கிக்’ என்று பெயரிட்டுவிட்டால் அவர் ‘பணியாளர்’ இல்லை, ஆகவே ஊதியத் தொகுப்பு பொருந்தாது என்று நிறுவனம் வாதிடும். தமிழ்நாடு அரசு 2023இல் அமைத்த இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியத்தாலும் இந்த இடைவெளி அடைபடவில்லை.

வழக்கறிஞர்களும் சங்கங்களும் போராட வேண்டிய களம் இதுவே. நம் பக்கம் பழைய தீர்ப்புகள் வலுவாக உள்ளன. சில்வர் ஜூபிலி தையலக வழக்கில், எண்ணிக்கைக் கூலிக்குத் தைத்து, விரும்பிய நேரத்தில் வந்து போன தையல்காரர்களையும் 1973இல் உச்ச நீதிமன்றம் பணியாளர் என்றே ஏற்றது. 1978இல் ஹுசைன்பாய் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், இடையில் எத்தனை ஒப்பந்ததாரர் இருந்தாலும் தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி என்று காகிதத் திரையை விலக்கினார். வார்டைத் தேர்ந்தெடுப்பது மருத்துவமனை, சீருடையும் நெறிமுறையும் அதனுடையது, நோயாளி அதனுடையவர். செவிலியர் தேர்ந்தெடுத்தது தேதியை மட்டுமே. அவரைத் தனித் தொழில் நடத்துபவர் என்பது சட்டத்தை ஏமாற்றும் சொல்.

கேரளத்தின் அனுபவம் இன்னொன்றைக் காட்டுகிறது. ஐக்கியச் செவிலியர் சங்கத்தின் தொடர் வேலைநிறுத்தங்களும், சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நெடும்பயணம் என்ற அறிவிப்பும் நெருக்கிய பின்னர், 2018 ஏப்ரல் 23 அன்று அம்மாநில அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 20,000 ரூபாய் என்று அறிவிக்கை செய்தது. குழுவின் பரிந்துரை வெறும் பரிந்துரையாகக் கிடந்தபோது, குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை அதற்குச் சட்ட வலிமை கொடுத்தது. தமிழ்நாட்டிலும் தனியார் மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் பழைய சட்டத்தின் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் இருந்த தொழில்களே. அந்த அறிவிக்கையைக் குழுவின் அளவுக்கு உயர்த்துவதும், ஒரு ஷிப்டுக்கான வரம்பை அதில் தனியே எழுதுவதும், செயலி வழியாக வந்தாலும் மருத்துவமனையே முதலாளி என்று குறிப்பதும் அரசின் அதிகாரத்துக்குள் உள்ளவை. புதிய சட்டமன்றச் சட்டம்கூட முதல் இரண்டுக்கும் தேவையில்லை.

இதற்கிடையில், இன்று வாட்ஸ்அப் செய்தியிலோ தொலைபேசி அழைப்பிலோ ஷிப்ட் பெறும் செவிலியர்கள், அழைத்த செய்தியையும் வருகைப் பதிவின் படத்தையும் வங்கியில் தொகை ஏறிய நாளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஊதியச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை; கேட்டும் கொடுக்காததே ஒரு சான்று. பழைய சட்டத்தில் ஆறு மாதமாக இருந்த கோரிக்கைக் காலம் இப்போது மூன்று ஆண்டு. கொடுத்துவிட்டோம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. குறைத்த தொகையோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடும் விதிக்கலாம். மனுவில் செவிலியரின் கையொப்பம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெயர் வெளியே வந்தால் அடுத்த ஷிப்ட் கிடைக்காது என்று அஞ்சுவோருக்காகப் பதிவு பெற்ற தொழிற்சங்கமே மனுச் செய்யலாம்.